நான்கு முறைதான் சிரித்தேன்

கடந்த மாதம் மூன்று படங்கள் பார்த்தேன். ஒன்று பேய்ப்படம், ஒன்று விண்வெளிப் படம், ஒன்று நகைச்சுவைப் படம். மூன்றைப் பற்றியும் எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள தமிழர்களின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், எழுதினேன். முதல் இரண்டுக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதற்கு அறுபத்து இரண்டு பதில்கள் வந்தன. அவற்றில் ஐம்பத்து எட்டு என்னைத் திட்டி எழுதியவை. அதைக்கூட விட்டுவிடலாம். நான் எழுதியதைப் படித்துவிட்டு, இனி நடிக்கவே மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதை எப்படி விடுவது?

முதலில் என்னைப் பற்றி. வயது எழுபத்து நான்கு. பாசிர் கூடாங் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிக்கும் வேலை. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. அந்தக் கை ஓய்வு பெறவில்லை. இப்போது பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறோம். செவ்வாய்க்கிழமைதோறும் காலைப் பதினொரு மணிக் காட்சிக்குப் பேரங்காடியில் இருக்கும் திரையரங்குக்குப் போவேன். சட்டைப் பையில் சிறிய நோட்டும் பென்சிலும் இருக்கும். இருட்டில் எழுதத் தனிப் பயிற்சி தேவையில்லை. மழையில், டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதியவன் நான்.

பேய்ப்படத்தைச் சொல்கிறேன். ஆங்கிலப் படம். பேய் ஐம்பத்து இரண்டாவது நிமிடத்தில்தான் முகம் காட்டுகிறது. அதற்குள் கதவு ஏழு முறை தானாகத் திறக்கிறது. ‘யார் அங்கே?’ என்று ஒன்பது முறை கேட்கிறார்கள். ஒருவர்கூட விளக்கைப் போடவில்லை. நான்கு பேர் வசிக்கும் வீட்டில் பதினொரு அறைகள். இத்தனை இடம் கொடுத்தால் பேய் வராமல் என்ன செய்யும்? எங்கள் வரிசை வீடுகளில் அறை மூன்று, குளியலறை ஒன்று. இங்கே பேய் வந்தாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில்தான் நிற்கவேண்டும். அதிலும் மூன்று பேர் மூன்று ஷிப்டில் வேலைக்குப் போகும் வீடென்றால், எந்த நேரமும் யாராவது ஒருவர் சீருடை மாட்டிக்கொண்டோ மைலோ கலக்கிக்கொண்டோ இருப்பார்கள். பேய்க்குத் தனிமை கிடைக்காது.

அந்தப் படத்தில் இரண்டு முறை பயந்தேன். முதல் முறை பலத்த சத்தத்துக்கு. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. காதருகே தகரத்தைத் தட்டினால் யாருக்கும்தான் தூக்கிப்போடும். இரண்டாவது உண்மையான பயம். ஒரு கிழவர் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறுகிறார், பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே இறங்குகிறார், பதின்மூன்று. நின்று, திரும்பிப் பார்க்கிறார். பின்னணி இசைகூட இல்லை. என் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. அந்தப் படத்தை எடுத்தவருக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு காட்சிக்காக மற்றதையெல்லாம் மன்னித்தேன்.

விண்வெளிப் படத்தை மன்னிக்கமாட்டேன். கதாநாயகன் பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ணுகிறான். என் கைக்கடிகாரத்தில் நாற்பத்து எட்டு விநாடி ஆயிற்று. அதுகூடப் போகட்டும். சரக்கு ஏற்றிவரும் கப்பல் அது. ஏற்றும்போது நாற்பது பெட்டிகள், வழியில் காட்டும்போது நாற்பத்தொன்று. கூடுதலாக வந்த பெட்டிக்குள்தான் அந்த ஜந்து இருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் ஒரு மூட்டை கூடினால் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணவேண்டும். பெரிய அதிகாரியே வந்து கத்தினாலும் எண்ணி முடிக்கும்வரை பாரந்தூக்கி நகராது. அந்தக் கப்பலில் ஒருவர் நோட்டோடு நின்றிருந்தால் ஏழு உயிர் பிழைத்திருக்கும், படமும் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். விஞ்ஞானம் என்கிறார்கள். எண்ணத் தெரியாத விஞ்ஞானம்.

இப்போது நகைச்சுவைப் படம்.

இது நம்மூர்ப் படம். எடுத்தவர் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பெண். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வேலையில்லாத நாள்களில் மட்டும் படப்பிடிப்பு நடத்திப் பதினான்கு மாதத்தில் முடித்தார். நடித்தவர்கள் எல்லாரும் இங்கே வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். என் மனைவியும் ஓய்வு பெற்றவள்தான். மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நுண்ணோக்கி வழியாகச் சில்லுகளைப் பார்த்தவள். ஒரு கல்யாணப் பந்தியில் இவள் பேசுவதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்ட அந்தப் பெண், “ஆன்ட்டி, என் படத்துல அம்மாவா வர்றீங்களா?” என்று கேட்டுவிட்டார். இரண்டு காட்சிகள், மொத்தம் மூன்று நிமிடம் இருபது விநாடி. வசனம் எழுதித் தரவில்லை. “நீங்க வீட்டுல பேசுற மாதிரியே பேசுங்க ஆன்ட்டி” என்றாராம்.

படம் வியாழக்கிழமை வெளியானது. முதல் நாள் இரவுக் காட்சிக்கு மனைவி போனாள். நான் இரவுக் காட்சிக்குப் போவதில்லை. தன் முகம் திரையில் வந்ததும் முந்தானையால் கண்ணை மூடி, காதையும் பொத்திக்கொண்டதாகவும், தான் வந்த இரண்டு காட்சிகளையும் பார்க்கவே இல்லை என்றும் திரும்பி வந்து சொன்னாள். நான்கு நாள் குழுவில் ஒரே பாராட்டு. நாற்பத்து மூன்று பேர் ‘சூப்பர்’, ‘அருமை’, ‘நம்ம படம்’ என்று எழுதியிருந்தார்கள். பதினேழு பேர் டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து அடுத்த படத்திலும் நடிக்கவேண்டும் என்று கேட்டார். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றாள் மனைவி. ஆனால் அன்றைக்கே தலைமுடிக்குச் சாயம் வாங்கி வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் போனேன். டிக்கெட் கொடுக்கும் மலாய்க்காரப் பெண், முதல் வரிசையைத் தவிர எல்லா இடமும் விற்றுவிட்டது என்றார். பெருமையாகத்தான் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து, கழுத்தை அண்ணாந்து, ஒரு மணி ஐம்பத்து எட்டு நிமிடம் பார்த்தேன். முடிந்து விளக்கு போட்டதும் திரும்பினேன். நூற்று இருபது இருக்கைகள். என்னையும் சேர்த்து ஒன்பது தலைகள். அதில் இரண்டு தூங்கிக்கொண்டிருந்தன.

நமக்கே உரிய பழக்கம் இது. நம்மவர் படம் எடுத்தால் சங்கம், மன்றம், கோவில் குழு எல்லாம் கட்டுக்கட்டாக டிக்கெட் வாங்கி ஆளாளுக்குக் கொடுக்கும். வாங்கிக்கொண்டவர் அதைப் படம் பிடித்துப் போட்டதோடு ஆதரவு கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இடம் விற்றுப்போயிருக்கும், ஆள் இருக்கமாட்டார். பார்க்க வந்தவன் முதல் வரிசையில் கழுத்து வலியோடு உட்கார்ந்திருப்பான்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ‘சிரிக்க வைக்க முயன்ற இடங்கள் 87. நான் சிரித்தது 4. அம்மா பாத்திரம் வரும் இரண்டு காட்சிகளில் 0. ஒலிப்பதிவு தெளிவு. மோட்டார் சைக்கிள் சாக்கடைக்குள் இறங்கும் காட்சி நன்று.’ அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

அரை மணி நேரத்தில் குழுத் தலைவர் கூப்பிட்டார். காப்புறுதி முகவர், என்னைவிட இருபது வயது சிறியவர்.

“அண்ணே, என்னண்ணே இது? நம்ம படத்துக்கு நாமளே ஆப்பு வச்சா எப்படி லா?”

“நான் ஆப்பு வைக்கல. எண்ணிப் போட்டேன்.”

“சொந்த வீட்டு அம்மாவுக்கே கோசோங் போட்டிருக்கீங்களே, அண்ணி மனசு என்ன பாடுபடும்?”

சுழியத்துக்கு எங்கள் பேச்சில் மலாய்ச் சொல்லான கோசோங்தான்.

“மனசுக்குத் தகுந்த மாதிரி நம்பர் போட எனக்குத் தெரியாதே தம்பி.”

“அப்ப அந்த மெசேஜ அழிச்சிடுங்க. ஒரு சாரி போட்டுடுங்க. விசயம் முடிஞ்சிச்சு.”

“அழிக்க மாட்டேன். நீங்க படம் பாத்தீங்களா?”

“பாக்கத்தான் போறேண்ணே. பத்து டிக்கெட் எடுத்துட்டேனே.”

“பாக்காமலே ஏன் ‘அருமை’ன்னு போட்டீங்க?”

“அலமாக், அது ஒரு ஆதரவுண்ணே!”

போனை வைத்துவிட்டேன். சமையலறையில் மனைவி கங்குங் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

“ஏன்?”

“கோசோங் வாங்குனவளுக்கு எதுக்குங்க ரெண்டாவது படம்? உங்கள விட யாரு கரெக்டா எண்ணப்போறா?”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் எண்ணிக்கையை நம்பி அவள் சொன்னாள். நாற்பத்தாறு வருடத்தில் என் எண்ணிக்கையை அவள் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றைக்குச் சந்தேகப்பட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஏனென்றால் அந்தச் சுழியத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. படத்தில் என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் புருசனைப் பற்றிப் புலம்புகிறாள். “நேத்து தும்முனேன். அந்த மனுசன் பேப்பருக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு ‘அஞ்சு’ங்குறாரு. தைலம் எடுத்துக் குடுக்க ஒரு கை நீளல. நம்பர் மட்டும் கரெக்டா வருது லா!” இரண்டாவது காட்சியில், கல்யாண வீட்டில் புருசன் பந்தியில் உட்காராமல் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு திரிந்ததைச் சொல்கிறாள். இரண்டும் நடந்தவை. அந்தப் புருசன் நான்தான். நாற்காலி எண்பதுக்குப் பதில் எழுபத்து ஆறுதான் வந்திருந்தது, அதை யாராவது பார்க்கவேண்டாமா? ஆனால் திரையில் அது நியாயமாகத் தெரியவில்லை. முதல் வரிசையில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தவன் எப்படிச் சிரிப்பான்? பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. அதை நான் குறிக்கவில்லை.

துறைமுகத்தில் ஒரு சரக்கை இரண்டு பேர் எண்ணுவோம். ஒருவர் கப்பலுக்காக, ஒருவர் கரைக்காக. யாருக்காக எண்ணினோம் என்பதைத் தாளின் தலையில் எழுதியே ஆகவேண்டும். இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால், யாரும் தன் எண்ணை அழிக்கக்கூடாது. இருவரும் சேர்ந்து நின்று மறுபடி எண்ணி, மூன்றாவதாக ஒரு தாள் எழுதுவோம். நான் போட்ட எண் சரி. தலையில் எழுதவேண்டியதை எழுதாமல் விட்டிருந்தேன்.

“நாளைக்குக் கடைசி நாள். வா, ரெண்டு பேரும் போய்ப் பாப்போம். உன் கணக்கு வேற வந்துச்சுன்னா அதையும் போடுறேன்” என்றேன்.

“முதல்ல அந்தக் கோசோங்க எடுங்க.”

“எடுக்க மாட்டேன்.”

“அப்ப நான் வரமாட்டேன்.”

மாலையில் குழுவில் இரண்டாவது செய்தி போட்டேன். ‘பாராட்டி எழுதியவர்கள் 43. இன்று அரங்கில் இருந்தவர்கள் 9. விற்ற இடங்கள் காலி. நாளை காலை 11 மணிக்குக் கடைசிக் காட்சி. டிக்கெட் வைத்திருப்பவர்கள் வந்து உட்காரவும். பிறகு என்னைத் திட்டவும்.’ குழு கொதித்தது. ‘கிழத்துக்கு வேறு வேலை இல்லை’ என்றார் ஒருவர். ‘இவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள்’ என்று ஆறு பேர் எழுதினார்கள். ஆறு பேருடைய டிக்கெட் படமும் முந்தைய செய்திகளில் இருந்தது. அதையும் குறிப்பிட்டேன்.

மனைவி தன் கைப்பேசியில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அப்ப இந்த நாப்பத்து மூணு பேரும் படத்தப் பாக்கவே இல்லியா?”

“பாத்திருந்தா இடமெல்லாம் காலியா இருந்திருக்காதே.”

“நடிப்பு பிரமாதம்னு போட்டாங்களே, அதெல்லாம்?”

நான் நோட்டைத் திறந்து ஒன்பது என்ற எண்ணைக் காட்டினேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே சொன்னாள்: “நானும் பாக்கல. யாரு பேச்சயும் கேக்க வேணாம். காலையில நானே பாத்துக்குறேன்.”

புதன்கிழமை அதே முதல் வரிசை. நோட்டையும் பென்சிலையும் அவளிடம் கொடுத்தேன். விளக்கு அணைவதற்குமுன் எழுந்து நின்று எண்ணினேன். எங்களோடு இருபத்தாறு. தலைவர் தம் மனைவியோடு நடுவில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காததுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைச் சீருடையில் நான்கு பேர் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கவேண்டும்.

அவள் காட்சி வந்ததும் கை முந்தானைக்குப் போயிற்று. நான் அவள் தோளைத் தொட்டு, “திரையப் பாக்காட்டி போ. பின்னால பாரு” என்றேன். முதல் வரிசையில் ஒரே ஒரு வசதி உண்டு. திரும்பி உட்கார்ந்தால் திரையின் வெளிச்சத்தில் எல்லார் முகமும் தெரியும். இருவரும் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். எங்கள் தலைக்குமேல் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. தும்மல் வந்தது. ‘அஞ்சு’ வந்தது. சீருடைக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்து சிரித்தார்கள். ஓர் அம்மாள் பக்கத்திலிருந்த கணவரின் கையில் ஓங்கி ஓர் அடி போட்டார். தலைவர் சிரித்துச் சிரித்து இருமி, தண்ணீர்ப் புட்டியைத் தேடினார்.

மனைவி ஒரு கோடுகூடப் போடவில்லை. பென்சிலைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முயன்றேன், வரவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்துவிட்டது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. நோட்டு கீழே விழுந்துவிட்டது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்: இருபத்து மூன்று. சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் சோளப்பொரி வாங்கப் போயிருந்தார், மூன்றாவது நான்.

வாசலில் படத்தை எடுத்த அந்தப் பெண் நின்றுகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கமில்லாத கண். எங்களைப் பார்த்ததும் தயங்கினார். அதற்குள் தலைவர் வந்துவிட்டார்.

“அண்ணே, இப்பவாச்சும் அந்தக் கோசோங்க எடுத்துடுங்கண்ணே. பாத்தீங்கல்ல, எத்தன பேரு சிரிச்சாங்கன்னு?”

“பாத்தேன். உங்க இருமலயும் பாத்தேன். எடுக்க மாட்டேன்.”

“அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்களேன்.”

“எடுக்க வேணாம் தம்பி” என்றாள் மனைவி. “அது அவரோட கோசோங். அவருக்கு ஏன் சிரிப்பு வரலன்னு எனக்குத் தெரியும். அதுவே எனக்குப் போதும்.” பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். “ஏம்மா, அந்த அடுத்த படத்துக்கு வேற ஆள் பாத்துட்டியா?”

“இல்ல ஆன்ட்டி. பாக்கவே இல்ல.”

“என்ன வேசம்?”

“பேய் ஆன்ட்டி. ஆனா பேசுற பேய்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றாள்.

அன்று பிற்பகல் மூன்றாவது செய்தியை எழுதினேன். ‘மறு எண்ணிக்கை. அரங்கில் 26 பேர். அம்மா பாத்திரத்துக்குச் சிரித்தவர்கள் 23. நான் 0. முதல் எண் அழிக்கப்படவில்லை. குறிப்பு: அந்தக் காட்சிகளில் கேலிக்கு ஆளாகும் கணவன் நான். தும்மல், நாற்காலி இரண்டும் உண்மை. இதை முதல் செய்தியிலேயே எழுதியிருக்கவேண்டும், எழுதாதது என் தவறு. எண்ணியதில் தவறில்லை.’

அனுப்புவதற்குமுன் மனைவியிடம் காட்டினேன். “ஊரெல்லாம் சிரிக்கும், தேவையா?” என்றாள். “சிரிக்கட்டும், எண்ணிக்கலாம்” என்று அனுப்பினேன். சிரிப்புப் பொம்மைகள் எழுபத்தொன்று வந்தன. என்னைப் பாராட்டி ஒருவரும் எழுதவில்லை. மறுநாள் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். நான் அதற்கும் அசரவில்லை. பூப்பந்துத் திடலின் அறிவிப்புப் பலகையில் இப்போது ஒவ்வொரு செவ்வாயும் அரைத் தாள் ஒட்டுகிறேன். இரண்டு முறை கிழித்தார்கள், மூன்று முறை ஒட்டினேன்.

மனைவி நடிக்கும் பேய்ப்படத்தின் படப்பிடிப்பு பொந்தியானில், ஒரு பழைய கடைவீட்டில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கார் வருகிறது. என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வந்தால் எண்ணுவேனாம். நேற்று மத்தியானம் சமையலறையில் ஒத்திகை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, குளிர்பெட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை நீட்டினாள். நான் சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை இறக்கிப் பார்த்தேன்.

“பயம் வந்துச்சா?”

“இல்ல.”

மறுபடி பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவளும் அதற்காக முகம் வாடவில்லை. இரண்டாவது முறை வந்தாள், மூன்றாவது முறை வந்தாள். நான்காவது முறை வரவில்லை. குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டே பார்த்தேன்: இருபது, முப்பது, நாற்பது விநாடி. சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து என் தோளில் கை விழுந்தது. கொல்லைக் கதவு வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். பத்திரிகை தரையில் கிடந்தது.

“ஒண்ணு” என்றேன்.